புகைக்கும் தகப்பன் மகனைத் தடுக்கலாமா?

"புகை பிடியாதே" என்று மகனைக் கண்டிக்கும் தகப்பனின் சட்டைப் பையிலேயே சிகரட் பெட்டி இருக்குமாயின், அந்தக் கண்டிப்புக்கு மதிப்புண்டா? தான் செய்வதைப் பிள்ளை செய்யக்கூடாதென விலக்குவது போலித்தனம் அல்லவா? இவ்வினாவுக்கு விடை காணாமையால் வாய் திறவாதிருக்கும் பெற்றாரும் உளர்.

முதலில் ஒன்றைத் தெளிதல் வேண்டும். ஒரு கூற்று உண்மையா என்பது அதைச் சொல்பவரின் ஒழுக்கத்தில் தங்கியிருப்பதில்லை. புகையிலை வாயிலும் தொண்டையிலும் நுரையீரலிலும் புற்றுநோயை விளைவிக்கும் என்பது, புகைப்பவர் சொன்னாலும் உண்மையே. ஆகவே மௌனம் நேர்மையாகாது. அது கடமையைக் கைவிடுதலே ஆகும். ஆயினும் சொல் உண்மையாயிருப்பது வேறு. அது பிள்ளையின் உள்ளத்தில் பதிவது வேறு. பிள்ளைகள் நமது புத்திமதியிலும் பார்க்க நமது நடத்தையையே கூர்ந்து கவனிக்கின்றனர்.

"தம்பி, கடைக்கு ஓடிப்போய் ஒரு சிகரட் வாங்கி வா" என்று ஏவுவதைப் பலர் பிழையாகவே எண்ணுவதில்லை. ஆனால் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி, 21 வயதுக்குட்பட்டவருக்குப் புகையிலைப் பொருட்களை விற்பது இலங்கையில் குற்றமாகும். அந்த ஓர் ஏவலால் கடைக்காரர் சட்டத்தை மீறுகிறார். சட்டத்தை மீறலாம் என்பதைப் பிள்ளை தன் தகப்பனிடமே கற்றுக்கொள்கிறான். சிகரட்டும் அவன் கைக்குப் பழகிவிடுகிறது.

யாழ்ப்பாணத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. புகையிலைத் தோட்டமும் சுருட்டுத் தொழிலும் பல தலைமுறைப் பிள்ளைகளைப் படிப்பித்தன. வெயிலில் நின்று உழைத்தவர்களைப் பழிப்பது நன்றிகேடு. ஆனால் நன்றிக்காக உண்மையை மறைக்க வேண்டியதில்லை. வத்திக்கானில் நடைபெற்ற சிகரட் விற்பனையும் நல்ல வருவாய் தந்ததே. ஆயினும் மனிதரின் உடல்நலத்தைக் கெடுக்கும் ஒன்றுக்குத் துணைபோக முடியாதென்று, 2018ஆம் ஆண்டு முதல் அதனைப் பாப்பரசர் பிரான்சிஸ் நிறுத்தினார்.

பதின்மூன்று வயது மாணவனுக்கு, அறுபது வயதில் வரக்கூடிய நோயைக் கூறிப் பயமுறுத்துவதால் மட்டும் பெரும் பயன் விளையாது. அந்த வயதில் அவன் விரும்புவது சுதந்திரம். நிக்கொட்டின் பறிப்பதும் அதையேதான். வளர்ந்துவரும் மூளை அதற்கு எளிதில் அடிமையாகிவிடும் என்பதை அவனுக்கு விளங்க வைத்தல் வேண்டும். தோழன் ஒருவன் சிகரட்டை நீட்டும்போது, சண்டையும் கூச்சமுமின்றி "எனக்கு வேண்டாம்" என்று சொல்லும் துணிவையும் வீட்டிலேயே பழக்க வேண்டும்.

எனவே புகைக்கும் தகப்பனும் பேசலாம், பேசவே வேண்டும். ஆனால் நீதிபதியாக அல்ல, அகப்பட்டுக்கொண்டவனாகப் பேசட்டும். "இதை விடுவதற்கு நான் படும் பாட்டை நீ பார்க்கிறாய், மகன். நீ இதற்குள் வராதே" என்பதில் போலித்தனம் எதுவுமில்லை. ஆயினும் அவ்வாறு சொல்பவர் உண்மையாகவே அதை விட முயலவேண்டும். பிள்ளையைச் சிகரட்டுக்காகக் கடைக்கு அனுப்புவதையேனும் இன்றே நிறுத்திவிடலாம்.