‘கெச்சுவாலி’

எஸ்.பி.எம். முடிவு வந்த அன்று புக்கிட் பெலண்டோக் சீனக் கம்பத்திலிருந்து என் வகுப்பு நண்பன் மோட்டாரில் எங்கள் லயத்துக்கு வந்தான். என்னைவிட அவனுக்கு இரண்டு ‘ஏ’ அதிகம். சில வாரங்களில் எனக்கு மெட்ரிகுலேஷன் கிடைத்தது. அவனுக்குக் கிடைக்கவில்லை.

மெட்ரிகுலேஷனில் இந்திய மாணவர்களுக்கு 1,500 இடம் என்று 2012இல் நஜிப் அரசு அறிவித்தது. நான் அந்தக் கதவு வழியே போனவன். அவன் அப்பா வளர்த்த பன்றிகள் 1999இல் நிபா நோய் வந்தபோது கொல்லப்பட்டன. என் அம்மா செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கினார். ரெண்டு வீட்டிலும் காசு இல்லை. பாரத்தில் எங்களைப் பிரித்தது ‘இனம்’ என்ற ஒரு கட்டம்தான்.

அரசாங்கம் இனம் பார்க்கவே கூடாது என்று சட்டத்தில் எழுதணும் என்று பல்கலைக்கழக நாள்களில் மாமாக் கடையில் கத்துவேன். பிறகு படித்துப் பார்த்தால், எழுதித்தான் இருக்கிறது. சமயம், இனம், வம்சாவளி, பிறப்பிடம் காரணமாகப் பாகுபாடு கூடாது என்கிறது அரசியலமைப்பின் 8(2). 2001இல் பாலினமும் சேர்ந்தது. ஆனால் மலாயில் அந்த வாக்கியத்தின் முதல் சொல் ‘கெச்சுவாலி’. அரசியலமைப்பே அனுமதித்தவை தவிர என்று பொருள். அந்த அனுமதிகளில் பெரியது 153ஆம் விதி. மலாய்க்காரர், சபா சரவாக் பூர்வகுடிகளின் சிறப்பு நிலை பற்றியது. 15 ஆண்டு கழித்து அதை மறுபரிசீலனை செய்யலாம் என்று 1957இல் ரீட் ஆணையம் சொன்னது. சட்டத்தில் அந்தக் கெடு ஏறவில்லை.

அப்படியானால் ‘கெச்சுவாலி’யை அடித்துவிடலாமா? அரசுக் கல்வியிலும் வேலையிலும் இனம் பார்க்கக் கூடாது என்று கலிபோர்னியா 1996இல் வாக்களித்துச் சட்டமாக்கியது. பெர்க்லியில் கறுப்பின மாணவர் சேர்க்கை சரிந்தது. மதராஸின் வகுப்புவாரி ஒதுக்கீடு 1951இல் சமத்துவத்தின் பேராலேயே நீதிமன்றத்தில் விழுந்தது. அதே ஆண்டு அரசியலமைப்பைத் திருத்தித்தான் இட ஒதுக்கீட்டைக் காப்பாற்றினார்கள். ஒன்றையும் பார்க்காத சட்டம் எங்கள் லயத்தையும் பார்த்திருக்காது.

அதனால் இப்போது நான் கத்துவதில்லை. ஆனால் ஒன்று உறுத்துகிறது. கதவு எனக்குத் திறந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்தவனுக்குத் திறக்கும்போது மட்டும் நியாயம் கேட்டேன். விலக்கு இருக்கட்டும். அது இனத்தை அல்ல, வீட்டைப் பார்க்கட்டும். அதற்கு ஒரு கெடுவும் இருக்கட்டும். இதைச் சலுகை கிடைக்காதவன் சொன்னால் பொறாமை என்பார்கள். கிடைத்தவன்தான் முதலில் சொல்லணும்.

நண்பன் இப்போது சிங்கப்பூரில் வேலை செய்கிறான். இதை அன்றே அவனிடம் சொல்லியிருக்கலாம். நான் எழுதியிருப்பதோ அவனுக்குப் படிக்கத் தெரியாத மொழியில்.