வெயிலின் மேல் ஒரு பந்தயம்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.

சென்ற விடுமுறையில் அமெரிக்காவிலிருந்து ஊர் வந்திருந்த ஓர் இளைஞர், இஷாத் தொழுகை முடிந்து ஜமாஅத் கலைந்த பின் நம்மிடம் வந்து ஸலாம் கூறி அமர்ந்தார். நல்ல பிள்ளை. ஐவேளைத் தொழுகையை விடாதவர். மதுவின் வாடையும் அறியாதவர். கணிதம் கற்று நியூயார்க் நகரில் பணிபுரிகிறவர்.

"ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்கணும். உம்மாவின் ஹஜ்ஜுக்கென்று நான் அனுப்பிய பணத்தில் ஒரு பகுதி என் சம்பளம் அல்ல. நாளைக்கு எத்தனை டிகிரி வெயில் அடிக்கும் என்று கணித்துச் சம்பாதித்தது. அது ஹலாலான காசுதானா என்று உம்மா கேட்கிறாங்க" என்றார்.

நாம் சற்றும் யோசியாமல், "அது சூதுதானே தம்பி, ஹராம்" என்று கூறிவிட்டோம். ஆனால் அவர் எழுந்து போகவில்லை. "சூது என்பது தாயம் உருட்டி அதிர்ஷ்டத்தை நம்புவது. நான் செய்வது கணக்கு. யாரையும் ஏமாற்றவில்லை, யாரையும் கட்டாயப்படுத்தவும் இல்லை. அந்நாட்டுச் சட்டப்படி நடக்கிற வியாபாரம். எதனால் ஹராம் என்று விளக்குங்க ஹஜ்ரத், விட்டுவிடுகிறேன்" என்று பணிவோடு கேட்டார்.

கேள்வி நியாயமானது. 'ஹராம்' என்ற ஒரு சொல்லோடு அனுப்பிவிடுவது நமக்கு எளிது. ஆனால் காரணம் அறியாதவன் உள்ளத்தில் அச்சொல் வேர் பிடிப்பதில்லை. கடல் கடந்து சென்ற பிள்ளைகள் நம் இல்லங்களில் பலர் உண்டு. ஆகவே அன்றிரவு அவரோடு பேசியதையும், அதன் பின் நாம் சிந்தித்ததையும் வாசகர் முன் வைக்கிறோம்.

இச்சந்தை நடக்கும் விதம்

எதிர்காலத்தில் ஒன்று நடக்குமா நடக்காதா என்பதன் மேல் பணம் வைக்கும் 'முன்கணிப்புச் சந்தைகள்' இன்று அமெரிக்காவில் பெருகியுள்ளன. அவற்றுள் ஒன்றான கல்ஷி என்னும் நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் அந்நாட்டு முன்பேர வணிக ஆணையத்தின் அனுமதி பெற்று, 2021-இல் வணிகத்தைத் தொடங்கியது. தேர்தல், விளையாட்டு ஆகியவற்றோடு நியூயார்க், சிகாகோ, மயாமி முதலிய நகரங்களின் அன்றாட உச்ச வெப்பநிலையும் அங்கே பந்தயப் பொருளாகிறது.

நியூயார்க்கிற்கு சென்ட்ரல் பார்க் பூங்காவில் உள்ள கருவி. சிகாகோவிற்கு மிட்வே விமான நிலையக் கருவி. அக்கருவி காட்டிய உச்ச அளவைத் தேசிய வானிலைச் சேவை தன் அறிக்கையில் வெளியிடும். அந்த எண்ணே தீர்ப்பு. நாளைய உச்சம் 90 அல்லது 91 டிகிரி பாரன்ஹீட் என்ற சீட்டு 30 சென்ட்டுக்கு விற்கிறது என்று வைத்துக் கொள்வோம். ஒருவர் 30 சென்ட் கட்டுகிறார். அப்படி ஆகாது என்று நினைக்கும் மற்றொருவர் 70 சென்ட் கட்டுகிறார். ஆக மொத்தம் 1 டாலர். மறுநாள் கணிப்பு பலித்தவருக்கு அந்த டாலர் முழுவதும், மற்றவருக்கு ஒன்றுமில்லை. சந்தை நடத்துவோருக்குக் கட்டணம் தனி.

இது முற்றிலும் புதுமையும் அன்று. சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய கல்கத்தாவில் மழை பெய்யுமா பெய்யாதா என்று பந்தயம் கட்டும் வழக்கம் பெருகி, 1897-இல் வங்காளத்தில் அதைச் சட்டம் இயற்றித் தடுத்தார்கள். அன்று கூரையைப் பார்த்தார்கள். இன்று கைபேசியைப் பார்க்கிறார்கள்.

கணிப்பது குற்றமா?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடுவோம். நாளைய வெயிலைக் கணிப்பது மறைவான ஞானத்தில் கை வைப்பது என்று சிலர் கருதுவர். மழை இறக்குவதும், ஓர் ஆத்மா நாளை எதைச் சம்பாதிக்கும் என்பதும் அல்லாஹ்வின் ஞானத்தில் உள்ளவை என லுக்மான் அத்தியாயத்தின் இறுதி வசனம் அறிவிக்கிறது. எனினும் காற்றின் திசையையும் மேகத்தின் போக்கையும் அளந்து, 'இப்படி ஆகலாம்' என்று உரைப்பது மறைவானதை அறிவதாக வாதாடுவது ஆகாது. படைத்தவன் இயற்கையில் அமைத்த நியதியைக் கற்பதாகும். புயல் எச்சரிக்கை கேட்டுக் கடலுக்குப் போகாமல் கரையில் தங்கும் மீனவர் தவக்குல் இழந்தவர் அல்லர். எனவே அவ்விளைஞரின் கணிதம் குற்றமன்று. குற்றம் இருக்குமானால் அது பணத்தில்தான் இருக்க வேண்டும்.

அறிவு இருந்தால் சூது இல்லையா?

"நான் அதிர்ஷ்டத்தை நம்பவில்லை, அறிவை நம்புகிறேன்" என்பது அவருடைய முதல் வாதம். இதற்குப் பதில் ஹஜ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்களின் வரலாற்றிலேயே இருக்கிறது. பாரசீகர்களிடம் ரோமர்கள் தோற்றபோது மக்கத்து இணைவைப்போர் மகிழ்ந்தனர். ரோமர்கள் சில ஆண்டுகளுக்குள் மீண்டும் வெல்வர் என்று அர்ரூம் அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் அறிவித்தன. அபூபக்கர் (ரலி) அவர்கள் இணைவைப்போருடன் இதன் மேல் பந்தயம் கட்டினார்கள். அவர்களுக்கு இருந்தது வெறும் கணிப்பன்று. வஹீயின் வாயிலாக வந்த உறுதி! அதைவிடப் பெரிய அறிவு எது? அப்படியிருந்தும் இந்நிகழ்ச்சி பந்தயம் தடுக்கப்படுவதற்கு முன் நடந்தது என்று திர்மிதீயில் காணும் அறிவிப்பு தெளிவாக்குகிறது. அறிவு இருந்தால் பந்தயம் வியாபாரமாகிவிடும் என்றால், 'தடுக்கப்படுவதற்கு முன்' என்ற விளக்கத்துக்கே அவசியம் இல்லையல்லவா?

மேலும், அறிவுள்ளவர் வெல்கிறார் என்றால், அறிவு குறைந்த ஒருவர் தோற்கிறார் என்பதே பொருள். எதிரே அமர்ந்திருப்பவர் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தம் அறியாமையை அறியாத ஓர் எளிய மனிதரின் காசு அது. அறிவு அல்லாஹ் தந்த அமானிதம். அறியாதவனுக்கு வழிகாட்ட வேண்டிய அது, அவன் சட்டைப் பையைத் துழாவும் கருவியாகலாமா?

இரு தரப்பும் சம்மதித்தால்?

"வியாபாரத்திலும் நஷ்டம் உண்டே ஹஜ்ரத்! கடை வைப்பவனும் நாளையை அறியாமல்தானே பணம் போடுகிறான்?" என்பது அடுத்த வாதம். இது ஆழ்ந்து சிந்திக்க வேண்டியது.

மெய்தான், நஷ்டம் வரலாம் என்பதால் எதுவும் ஹராமாகாது. விதைப்பவனுக்கும் நஷ்டம் வரலாம். ஆனால் அங்கே நஷ்டம் ஒரு பொருளை ஒட்டி நிற்கிறது. நெல் விலை சரிந்தாலும் நெல் இருக்கிறது. அதை யாரோ உண்ணுகிறார்கள். விற்றவர், வாங்கியவர் இருவருமே பயன் பெற இடமுண்டு. வெயில் பந்தயத்தில் கைமாறும் பொருள் யாது? சென்ட்ரல் பார்க்கில் 91 என்று வந்தாலும் 92 என்று வந்தாலும், பந்தயம் கட்டியிராவிட்டால் அவ்விருவருக்கும் ஒரு காசு நஷ்டமில்லை. நஷ்டத்தை அவர்களேதான் உண்டாக்கிக் கொண்டார்கள். வியாபாரி வாழ்க்கையில் ஏற்கெனவே உள்ள ஆபத்தைச் சுமக்கிறான். சூதாடி இல்லாத ஆபத்தைப் படைத்து அதில் குதிக்கிறான். இந்த வேறுபாடு புரிந்தால் 'மைஸிர்' என்பதன் பொருள் புரியும்.

ஜித்தாவில் உள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1992-இல் பங்குச் சந்தை விவகாரங்களை ஆராய்ந்தபோது, பங்குகளின் குறியீட்டு எண்ணை விற்பதும் வாங்குவதும் கூடாது, அது தெளிவான சூது என்று முடிவு செய்தது. பொருளே இல்லாத வெறும் எண்ணை விற்பதாகும் என்பதே காரணம். வெப்பமானியின் எண்ணுக்கும் இது பொருந்துமென்றே நமக்குத் தோன்றுகிறது.

சம்மதத்தைப் பற்றியோ எனில், பிறர் பொருளை வீணான வழியில் உண்ணாதீர்கள், மனமொத்த வியாபாரம் தவிர என்று அன்னிஸா அத்தியாயம் கட்டளையிடுகிறது. சம்மதம் வியாபாரத்துக்கு நிபந்தனை. சம்மதம் ஒன்றே எதையும் வியாபாரமாக்கிவிடாது. வட்டி கொடுப்பவனும் சம்மதித்தே கொடுக்கிறான்.

பயன் இல்லையா?

பலர் பணம் வைத்துக் கணிப்பதால் முன்னறிவிப்பு துல்லியமாகிறது, அது சமுதாயத்துக்குப் பயன் என்றும் அவர் சொன்னார். நாம் மறுக்கவில்லை. மதுவிலும் சூதிலும் மனிதருக்குச் சில பயன்களும் உண்டு. ஆயினும் அவற்றின் பாவம் பயனைவிடப் பெரிது என்றுதானே அல்பகரா அத்தியாயம் உரைக்கிறது? மார்க்கம் பயனை எண்ணாமல் விடவில்லை. எண்ணி, நிறுத்துப் பார்த்துத்தான் தீர்ப்பளித்தது.

வெயில் குறைந்தால் வருவாய் இழக்கும் மின் நிறுவனம் போன்றோர், அந்த நஷ்டத்தை ஈடுகட்ட வெப்பநிலை ஒப்பந்தங்கள் செய்து கொள்வதும் உண்டு. சிகாகோவின் பெரிய முன்பேரச் சந்தையில் 1999 முதல் இவை நடக்கின்றன. அங்கே ஆபத்து முன்பே இருக்கிறது என்பதால் நிய்யத் வேறுபடுகிறது. எனினும் ஒப்பந்தத்தில் உள்ள ஃகரர் நீங்கவில்லை. அது தனியே ஆராயப்பட வேண்டிய மஸ்அலா. நம் இளைஞருக்கோ வெயிலால் இழப்பதற்கு எதுவும் இல்லை.

கணிப்பில் வல்லவருக்கு ஹலாலான வழி அடைபட்டுப் போகவில்லை. வானிலை நிலையத்திலோ, விவசாயிக்கு ஆலோசனை கூறும் நிறுவனத்திலோ கூலி பெறலாம். போட்டியிடுவோர் எவரும் பணம் கட்டாமல், வெளியார் ஒருவர் சிறந்த கணிப்புக்குப் பரிசளித்தால் அது சூதாகாது என அறிஞர் பலர் கூறுவர்.

உள்ளத்துக்கு நேர்வது

இவ்வளவும் கேட்ட அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தாமாகவே ஒன்று சொன்னார். சென்ற கோடையில் ஒரு நாள் அதிகமான வெயிலின் மேல் பணம் வைத்திருந்தாராம். ளுஹர் தொழுகையில் நிற்கும்போதும் நினைவு கைபேசியிலேயே இருந்ததாம். வெளியே வந்தால் அனல். மாடிப்படி ஏற முடியாமல் பக்கத்து வீட்டு முதியவர் ஒருவர் மூச்சு வாங்கி அமர்ந்திருந்தார். "அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன் ஹஜ்ரத். ஆனால் கொடுக்கும்போதே, இன்னும் ஒரு டிகிரி ஏறாதா என்று மனசு கேட்டது" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

நாம் எடுத்துரைத்த எல்லா ஆதாரங்களையும்விட அந்த ஒரு வாக்கியம் பெரிது. ஷைத்தான் சூதின் மூலம் பகையை மூட்டி, இறைநினைவையும் தொழுகையையும் விட்டுத் தடுக்க நாடுகிறான் என்று அல்மாயிதா அத்தியாயம் எச்சரிக்கிறது. எதிரியின் முகம் தெரியாத சந்தையில் பகை எங்கே என்று கேட்பவருக்கு இதுவே விடை. அண்டை வீட்டாரின் துன்பம் நமக்கு இலாபமாகிவிட்டால் அதுவே பகை.

வெயில் வெறும் எண்ணன்று. 1995-ஆம் ஆண்டு ஜூலை 13-இல் சிகாகோ மிட்வேயில் 106 டிகிரி பாரன்ஹீட் பதிவாயிற்று. அந்த வெப்ப அலையில் அந்நகரில் 700-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் தனித்து வாழ்ந்த ஏழை முதியோர் மிகப் பலர். இன்று அதே இடத்தின் வெப்பமானிதான் பந்தயப் பொருளாக இருக்கிறது.

கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் கடும் வெயிலில் நடந்து கொண்ட முறையைப் பாருங்கள். வெப்பம் கடுமையானால் ளுஹரைச் சற்றுத் தணிந்த பின் தொழுமாறு ஏவினார்கள். அக்கடுமை நரகத்தின் மூச்சிலிருந்து உள்ளது என்று நினைவூட்டினார்கள். வானில் கருமேகத்தைக் கண்டால் அவர்களின் திருமுகம் மாறிவிடும் என்றும், மழை பொழிந்த பின்னரே கவலை நீங்கும் என்றும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். மேகத்தைக் கண்டு மகிழ்ந்த ஆது கூட்டத்தார் அதிலேயே அழிந்ததை எண்ணி அஞ்சினார்கள். வெயிலைக் கண்டால் மக்களுக்கு இளைப்பாறுதல். மேகத்தைக் கண்டால் இறையச்சம். இதுவே நம் நபிவழி. வானத்தைப் பார்த்துச் சில்லறையை எண்ணும் கண்ணுக்கு இந்த அச்சமும் வராது, இந்த இரக்கமும் வராது.

உம்மாவின் பதில்

அப்பணத்தை என்ன செய்வது என்று கேட்டார். உரியவர் தெரிந்தால் திருப்பித் தருவதே முறை. இச்சந்தையில் தோற்றவர் யாரென்று அறிய வழியில்லை. எனவே நன்மையை நாடாமல், பொறுப்பிலிருந்து விடுபடும் எண்ணத்தோடு ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தவ்பாச் செய்யுமாறு கூறினோம். மூத்த உலமாக்களிடமும் கேட்டு உறுதி செய்து கொள்ளச் சொன்னோம். "'வா, சூதாடுவோம்' என்று வாயால் அழைத்தவனையே தர்மம் செய்யுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஏவினார்களே தம்பி, ஆடியவர் தயங்கலாமா?" என்றோம்.

மறுநாள் அவருடைய உம்மா சொல்லியனுப்பிய செய்தி இது: "ஹஜ்ஜு ஒரு வருஷம் தள்ளிப் போனாலும் போகட்டும். நான் கஅபாவுக்கு முன்னால் நின்று கையேந்தும்போது அந்தக் கையில் யாருடைய காசும் இருக்கக் கூடாது."

வல்ல நாயன் அத்தாயின் நிய்யத்தை ஏற்று, ஹலாலான பொருளில் ஹஜ்ஜை நிறைவேற்றும் பாக்கியத்தைத் தந்தருள்வானாக! நம் பிள்ளைகளின் அறிவைப் பயனுள்ளதாகவும், நம் உள்ளங்களை ஈரமுள்ளவையாகவும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.