வாயிலும் இருக்கையும்: நெய்யாற்றின்கரை – பாறசாலை எல்லைப்புறத்தை முன்வைத்துப் பள்ளிப் பண்பாட்டின் அறம்

ஒரு பள்ளி நல்ல பள்ளி என எவ்வாறு அறியப்படுகிறது? மணி தவறாது ஒலித்தல், மாணவர் வரிசை குலையாது நிற்றல், தேர்ச்சி விழுக்காடு தாழாதிருத்தல் ஆகியன பொதுவாகச் சுட்டப்பெறும் அடையாளங்கள். இவையெல்லாம் ஒழுங்கைச் சார்ந்தவை. ஒழுங்கு, ஒழுக்கம் என்னும் இரண்டும் 'ஒழுகு' என்னும் வினையோடு உறவுடைய சொற்களே ஆயினும் ஒன்றல்ல. ஒழுங்கை மேலிருந்து அமைக்க இயலும். ஒழுக்கம் ஒருவர் பிறரோடு பழகும்போதுதான் வெளிப்படும்.

வள்ளுவர் ஒழுக்கமுடைமை அதிகாரத்தை, உலகத்தோடு பொருந்தி வாழ அறியாதார் பல நூல் கற்றும் அறிவிலாரே என்னும் கருத்தோடு நிறைவு செய்கிறார். ஆனால் அவ்வுலகம் எது? உலகத்தோடு பொருந்துதலாவது உயர்ந்தோர் பலரும் ஒழுகிய வழியில் தாமும் ஒழுகுதல் என்று பரிமேலழகர் உரை விரிப்பார். சிக்கல் இவ்விடத்தே தோன்றுகிறது. ஓர் ஊரில் உயர்ந்தோர் எனப்பட்டார் பலரும் ஒரு குழந்தையை வகுப்பறைக்குள் விடலாகாது என்று ஒழுகினால், அக்குழந்தையை உள்ளே அழைத்து அமர்த்துவது ஒழுக்கமா, ஒழுக்கக் கேடா? இவ்வினா ஏட்டளவில் நின்றதன்று. கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்தில், ஒரு பள்ளிக்கூடம் தீக்கிரையானபோது உயிர்பெற்று எழுந்த வினா அது. அப்பகுதியின் கல்வி வரலாறு இவ்வினாவிற்கு ஒன்றுக்கொன்று முரணான விடைகளைத் தன்னகத்தே கொண்டுள்ளது.

சாலையும் பள்ளியும்

பாறசாலையை அடுத்துக் களியக்காவிளையில் இன்று மாநில எல்லை அமைந்துள்ளது. அவ்வெல்லைக்குத் தெற்கே, குமரி மாவட்டம் முஞ்சிறைக்கு அருகில் பார்த்திவபுரம் உள்ளது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாரிடமிருந்து மாற்று நிலம் கொடுத்து இவ்விடத்தைப் பெற்று, கோயிலும் சாலையும் நிறுவினான். ஒன்பதாம் நூற்றாண்டைச் சார்ந்த இச்செய்தியை வட்டெழுத்தில் அமைந்த ஹஜூர் அலுவலகச் செப்பேடு தருகிறது. காந்தளூர்ச் சாலையின் முறைமையைப் பின்பற்றி இச்சாலை அமைக்கப்பட்டது. சாலை என்பது கல்விநிலையமா, உணவுச்சாலையா, பிறிதொன்றா என்னும் வாதம் நெடுங்காலம் நிகழ்ந்தது. காந்தளூர்ச் சாலை பற்றிக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தனி நூலே எழுதினார். எனினும் பார்த்திவசேகரபுரத்தில் தொண்ணூற்றைந்து சாத்திரர்க்கு இடம் வகுக்கப்பட்டதும், அவர்தம் தகுதியும் நடத்தையும் விதிக்கப்பட்டதும் தெளிவு.

அவ்விதிகளே ஈண்டு நோக்கத்தக்கன. சாத்திரர் ஒருவரோடொருவர் பூசலிட்டால் தண்டம் உண்டு. கூட்டத்திற்குப் படைக்கலம் ஏந்தி வரலாகாது. மடத்தில் வெள்ளாட்டிகளை வைத்தல் ஆகாது. இன்றைய கல்வியாளர் 'பள்ளிப் பண்பாடு' என்று வழங்குவதன் ஒரு பகுதியைப் பன்னிரு நூற்றாண்டுகட்கு முன்பே தமிழில் எழுதிவைத்த ஆவணம் இது எனலாம். வன்முறையின்மை, சொல்லடக்கம், கூடியிருக்கும் அவையின் மதிப்பு ஆகிய மூன்றையும் இது காக்க முயல்கிறது.

ஆயினும் தொண்ணூற்றைந்து இடங்களும் எவர்க்கு உரியன என்பதும் அதே ஏட்டில் உள்ளது. பவிழிய சரணத்தார்க்கு நாற்பத்தைந்து, தைத்திரீய சரணத்தார்க்கு முப்பத்தாறு, தலவகார சரணத்தார்க்குப் பதினான்கு என அவை பங்கிடப்பட்டன. மூன்றும் வேதக் கிளைகள். அவற்றின் புறத்தே நின்றவர்க்கு இருக்கை இல்லை. உள்ளே சண்டை நிகழாதிருக்க இத்துணை நுட்பமாக விதி வகுத்தவர்கட்கு, வாயிலுக்கு வெளியே நிற்பவர் ஒரு சிக்கலாகவே தோன்றவில்லை. ஒத்தவர் மட்டுமே கூடிய இடத்தில் நல்லிணக்கம் பேணுதல் அரிதன்று.

இதே ஆய் நாட்டில், ஏறத்தாழ இதே காலத்தில், வேறொரு கல்விமரபும் இருந்தது. மார்த்தாண்டத்திற்கு அருகிலுள்ள சிதறால் மலையில் திருச்சாரணத்துப் பள்ளி என்னும் சமணத் தலம் விளங்கியது. விக்கிரமாதித்திய வரகுணனின் இருபத்தெட்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, குணந்தாங்கிக் குரத்திகள் என்னும் பெண் துறவியார் அங்குள்ள பகவதிக்குப் பொன்னணி வழங்கியதைக் கூறுகிறது. குரவர் என்பதற்கு இணையான பெண்பாற் சொல் குரத்தி. ஆசிரியை என்பது பொருள். ஒரு செப்பேட்டில் பெண் என்பவள் மடத்திற்குள் வைத்தலாகாத பணியாளாகத் தோன்றுகிறாள். ஒரு பாறையில் ஆசானாகப் பெயர் பொறிக்கப்பெறுகிறாள். இரண்டுக்கும் இடையிலுள்ள வழித்தொலைவு மிகச் சிறிது. அக்காலச் சூழல் அவ்வாறுதான் இருந்தது, எனவே அன்றையோரை இன்றைய அளவுகோலால் அளத்தல் கூடாது என்று கூறுவார்க்குச் சிதறால் பாறை விடையாக நிற்கிறது. அக்காலத்திலேயே மற்றொரு வழியும் இருந்தது.

உத்தரவும் இருக்கையும்

திருவிதாங்கூரில் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று ராணி கௌரி பார்வதி பாய் 1817இல் ஆணையிட்டது இந்தியக் கல்வி வரலாற்றில் பெருமையுடன் பேசப்படுவது. அந்த ஆணை பிறந்து தொண்ணூறு ஆண்டுகள் கடந்த பின்னரும் புலையர் முதலிய சமூகங்களின் குழந்தைகளுக்கு அரசுப் பள்ளிகள் திறக்கவில்லை. நெய்யாற்றின்கரை வட்டத்து வெங்கானூரில் 1863இல் பிறந்த அய்யன்காளி, 1907இல் சாதுசன பரிபாலன சங்கத்தை நிறுவிக் கல்வியுரிமையை முதன்மைக் கோரிக்கையாக்கினார். குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்காவிடில் வயலில் இறங்குவதில்லை என்று உழவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கூலிக்காகவன்றி எழுத்துக்காக நிகழ்ந்த வேலைநிறுத்தம் என்பதால் அது தனித்து நினைக்கத்தக்கது.

திவான் பி. ராஜகோபாலாச்சாரியின் காலத்தில் (1907–1914) பள்ளிகளைத் திறந்துவிடும் உத்தரவுகள் பிறந்தன. உத்தரவு வாயிலைத் திறந்தது. ஆனால் உள்ளே இருக்கை கிடைக்கவில்லை. பஞ்சமி என்னும் சிறுமியை அய்யன்காளி நெய்யாற்றின்கரை வட்டத்து ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது எதிர்ப்பு எழுந்தது, கலகம் மூண்டது, பள்ளிக்கூடம் எரிக்கப்பட்டது. கொல்லம் 1090ஆம் ஆண்டில், அதாவது 1914–15இல், அவ்வட்டாரத்தில் பரவிய இக்கலவரம் 'தொண்ணூறாமாண்டுக் கலகம்' என்று வழங்கப்படுகிறது.

எரித்தவர்கள் கல்வியை வெறுத்தவர்கள் அல்லர். அது அவர்தம் பிள்ளைகள் படித்த பள்ளி. அதன் ஒழுங்கையும் தூய்மையையும் காப்பதாகவே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். 'உயர்ந்தோர் ஒழுகிய வழி' என்னும் உரைப்பொருளை அளவுகோலாகக் கொண்டால், அன்று ஊரோடு பொருந்தி ஒழுகியவர் அவர்களே. பொருந்தாது நின்றவர் அய்யன்காளியும் பஞ்சமியும். ஆகவே அவ்வுரை இவ்விடத்தில் போதாது. ஓர் ஊரின் வழக்கத்தை அப்படியே தன் வகுப்பறைக்குள் வாங்கிக்கொள்ளும் பள்ளி உலகத்தோடு பொருந்துவதாகத் தோன்றினும், அது பொருந்துவது உலகத்தின் ஒரு பகுதியோடுதான். உலகம் என்னும் சொல்லுக்குப் பஞ்சமியையும் உட்படுத்திப் பொருள் கொள்ளும்போதே குறளின் கூற்று ஒரு பள்ளிக்குப் பொருந்தும்.

ஊரூட்டம்பலத்திற்கு அண்மையில், நெய்யாற்றங்கரையிலுள்ள அருவிப்புறத்தில், நாராயண குரு 1888இல் சிவலிங்கம் நிறுவினார். சாதி வேற்றுமையும் சமயப் பகையும் இன்றி எல்லாரும் உடன்பிறப்புகளாக வாழும் இடம் அது என்னும் கருத்தமைந்த வாசகத்தையும் அவ்விடத்திற்கு அளித்தார். தேவாரப் பதிகங்கள் என்னும் பெயரில் தமிழிலும் பாடியவர் அவர். அவ்வாசகம் அருகிலேயே இருக்க, கால் நூற்றாண்டுக்குப்பின் பள்ளி எரிந்தது. நல்ல வாசகங்களைச் சுவரில் எழுதிவைப்பதனால் மட்டும் பள்ளிப் பண்பாடு உருவாகிவிடும் என்று நம்புவோர் கருதிப்பார்க்க வேண்டிய செய்தி இது.

தமிழ் இலக்கணமும் இவ்வகையில் முற்றிலும் தூயதன்று. நன்னூற் பொதுப்பாயிரம் ஆசிரியனுக்கு இலக்கணம் கூறி, மாணாக்கரைத் தலை, இடை, கடை எனப் பகுத்தபின், பாடம் சொல்லலாகாதவர் பட்டியல் ஒன்றும் தருகிறது. அதில் கள்வனும் சினத்தனும் இடம்பெறுவதோடு பிணியனும் ஏழையும் மந்தனும் இடம்பெறுகின்றனர். ஏழை என்பதற்கு அறிவிலி என்று பொருள் கொண்டாலும், நோயும் மந்தமும் குற்றமாக எண்ணப்பட்ட நிலை மாறாது. இதற்கு நேர்மாறாக, கீழ்ப்பால் எனப்பட்டவன் கற்பின் மேற்பாலான் அவனிடம் பணிந்து பயில்வான் என்னும் கருத்தைப் புறநானூற்றின் 183ஆம் பாடல் முன்வைக்கிறது. அதைப் பாடியவன் ஒரு பாண்டிய மன்னன். ஆய்வாளர்கள் பின்னதையே மிகுதியாக மேற்கோள் காட்டுவர். முன்னதை இலக்கண வகுப்பில் விரைந்து கடந்துவிடுவர்.

எல்லையும் பேச்சும்

1956 நவம்பர் 1இல் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு கோரிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. எனவே பாறசாலைப் பகுதியில் எல்லை என்பது உறவினர் இருவரின் வீடுகளுக்கு இடையே செல்வது. அதே ஆண்டில் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறுவதற்கு வசதி செய்யவேண்டும் என்கிறது. பின்னர்த் தமிழ்நாடு 2006இல் தமிழ் கற்றல் சட்டத்தையும், கேரளம் 2017இல் மலையாளத்தைக் கட்டாயமாகக் கற்பிக்கும் சட்டத்தையும் இயற்றின. ஒவ்வொன்றும் தன் மொழியைக் காக்கும் நியாயமுடையது. ஆனால் தமிழகத்துச் சட்டம் குமரி மாவட்டத்து மலையாளக் குழந்தைமேல் எத்தகைய சுமையை ஏற்றுகிறதோ, அத்தகைய சுமையையே கேரளச் சட்டம் தன் நிலத்துத் தமிழ்க் குழந்தைமேல் ஏற்றக்கூடும். ஒரு சுமைக்காக வருந்தி மற்றதைப் பாராட்டுவது மொழிப்பற்றாகலாம், அறமாகாது.

சட்டத்தைக் காட்டிலும் அன்றாடம் உறுத்துவது சிரிப்பு. தென் திருவனந்தபுரத்தின் பேச்சு மலையாளத் திரைப்படங்களில் நகைச்சுவைக்குரியதாகவே நெடுநாள் கையாளப்பட்டது. குமரித் தமிழ் நெல்லைக்கு வடக்கே சென்றால் மலையாளம் கலந்தது என்று நகைக்கப்படுகிறது. எல்லைக் குழந்தை இருபுறத்துப் பள்ளியிலும் வாய் திறக்கத் தயங்குவதற்கு இதுவே போதும். 'பள்ளிக்குப் போகிறேன்' என்று தமிழ்ப் பழக்கத்தில் ஒரு சிறுவன் கூறினால், மலையாள வகுப்பில் அது தேவாலயத்திற்கோ மசூதிக்கோ போவதாகப் பொருள்படும். அங்குக் கல்விநிலையம் 'பள்ளிக்கூடம்' ஆகும். ஆசிரியர் இதனைப் பிழை என்று திருத்தி நகர்ந்துவிடலாம். அல்லது சிதறாலின் திருச்சாரணத்துப் பள்ளியைச் சுட்டி, வழிபாடும் படிப்பும் ஓரிடத்தில் நிகழ்ந்த காலத்தின் சொல் ஒரு மொழியில் ஒருபக்கமும் மறுமொழியில் மறுபக்கமும் சாய்ந்தது என்று விளக்கலாம். முதல் வழியில் அச்சிறுவன் நகைப்புக்கு ஆளாவான். இரண்டாம் வழியில் அவ்வகுப்பிற்குப் பாடமே அவன் வாயிலிருந்து கிடைக்கும்.

தொல்காப்பியர் திசைச்சொல்லைச் செய்யுட்குரிய நால்வகைச் சொற்களுள் ஒன்றாக ஏற்றார். செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலங்களுள் ஒன்றாக உரையாளர் வேணாட்டையும் எண்ணினர். வட்டாரச் சொல்லுக்கு இலக்கணத்தில் இருக்கை உண்டு. அதைப் பேசும் குழந்தைக்கு வகுப்பில் இல்லை.

வரிசையும் பந்தியும்

2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடை செய்கிறது. குழந்தை அச்சமின்றித் தன் கருத்தைக் கூறக் கற்பித்தல் துணைசெய்ய வேண்டும் என்றும் விதிக்கிறது. எனினும் 2023 ஆகஸ்டில் நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவன் ஒருவன் உடன்பயின்றோரால் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டான். கூட்டத்திற்குப் படைக்கலம் ஏந்தலாகாது என்ற பார்த்திவசேகரபுர விதி நினைவிற்கு வராமல் போகாது. ஆனால் அவ்விதியைப் போன்றதொன்று நாங்குநேரியைத் தடுத்திராது. அரிவாள் எடுக்கப்பட்டது பள்ளிக்கு வெளியே. பகை பழகியது உள்ளே.

அந்நிகழ்வுக்குப்பின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் தன் அறிக்கையை அளித்தது. பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் நீக்கல், மணிக்கட்டில் வண்ணக் கயிறு தவிர்த்தல் ஆகியவற்றோடு, வகுப்பில் மாணவரை அகரவரிசைப்படி அமர்த்துதலையும் அது பரிந்துரைத்தது. பின்னது சிறியதாகத் தோன்றும். எனினும் ஊரூட்டம்பலத்தில் கலகம் எழுந்தது எவர் அருகே எவர் அமர்வது என்பதைப் பற்றித்தான். அகரவரிசைக்குக் குலம் தெரியாது. தமிழும் மலையாளமும் இரண்டுமே அகரத்தில் தொடங்குவன ஆதலின் எல்லையின் இருபுறமும் அவ்வரிசை பெரிதும் மாறாது.

அகரவரிசை வகுப்பறைக்குள் நிற்கும். நண்பகல் உணவுப் பந்தியிலும் விளையாட்டுத் திடலிலும் மாணவர் தாமே இடம் தேர்கின்றனர். அங்கு எவர் தனித்து அமர்கிறார் என்பதை எந்தப் பதிவேடும் காட்டுவதில்லை; உடன் அமர்ந்து உண்ணும் ஆசிரியருக்கே அது தெரியவரும். ஊரூட்டம்பலத்தில் கருகிய பலகை இருக்கை ஒன்று இன்றும் அப்பள்ளியில் காக்கப்பட்டு வருகிறது. 2022இல் அப்பள்ளி அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயராலும் அழைக்கப்பெறலாயிற்று.