சேற்றுக்காலத்தில் ஒரு தடை

நம் இலக்கணம் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்து, அவற்றில் இரண்டுக்குப் பனியின் பெயரை வைத்தது. அது புல்நுனியில் இறங்கும் பனி. மாதக்கணக்கில் மலையை மூடிக் கிடக்கும் பனி அல்ல. அந்தப் பனி உருகும் இளவேனிலுக்கு நம்மிடம் தனிப்பெயர் இல்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் இருக்கிறது: சேற்றுக்காலம்.

பனி உருகத் தொடங்குவதிலிருந்து மே இறுதி வரை உயரமான மலைப்பாதைகளில் நடக்க வேண்டாம் என்று அங்கே கேட்டுக்கொள்கிறார்கள். மேலே பனி உருகினாலும் அடிமண் இன்னும் உறைந்திருக்கும். நீர் இறங்க வழியின்றி மேல்மண் கூழாகிவிடும். நடப்பவர் சேற்றுக்குப் பயந்து ஓரமாக விலகுகிறார். அடுத்தவர் இன்னும் சற்று விலகுகிறார். செடிகள் மிதிபட்டுப் பாதை அகலமாகி மண் அரித்துப் போகிறது. யாரும் தீங்கு நினைக்கவில்லை. காலில் சேறு படக்கூடாது என்றுதான் நினைத்தார்கள்.

'போகாதே' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குள் எதிர்ப்புதான் முதலில் எழுகிறது. அதற்குக் காரணம் உண்டு. அகஸ்தியர்கூடம் மலையேற்றத்தில் பெண்களைத் தடுக்கக்கூடாது என்று 2018இல் கேரள உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. 2019 ஜனவரியில் தன்யா சனல் அந்த உச்சியை அடைந்தார்.

அப்படியானால் எந்தத் தடைக்கு இணங்குவது, எதை மீறுவது? நான் இரண்டு கேள்விகள் கேட்கிறேன். இது எல்லாக் கால்களுக்கும் பொதுவா? இது எப்போது முடியும்? சேற்றுக்காலத் தடை எல்லோருக்கும் உரியது. மண் காய்ந்ததும் முடிந்துவிடும். அகஸ்தியர்கூடத்துத் தடை ஓர் உடலை மட்டும் குறித்தது. அதற்கு முடிவுநாளும் இல்லை.

ஆனால் அந்த மலையைத் தம் தெய்வத்தின் இடமாகக் கருதும் காணிப் பழங்குடியினரும் பெண்கள் ஏறுவதை எதிர்த்தார்கள். அவர்கள் அதிகாரத்தில் இருப்பவர்கள் அல்லர். அவர்களுடைய வருத்தத்தை 'ஆணாதிக்கம்' என்ற ஒற்றைச் சொல்லால் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. வெளியார் எவருமே ஏற வேண்டாம் என்று அவர்கள் கேட்டால் நான் அடிவாரத்திலேயே நின்றுகொள்வேன். வெளியூர் ஆண் ஏறலாம், பெண் ஏறக்கூடாது என்றால், அங்கே காக்கப்படுவது மலைதானா என்று கேட்காமல் இருக்க முடியாது.

போகும் உரிமை உள்ளவளால்தான் போகாமல் இருப்பதைத் தேர்ந்துகொள்ள முடியும். உரிமை இல்லாதவள் வீட்டில் இருப்பதற்குப் பொறுமை, அடக்கம் என்றெல்லாம் பெயர் வைத்தார்கள், அது அடைப்பு. மலைக்காக ஒரு பருவம் காத்திருக்கும் ஒழுக்கம் நமக்கு வேண்டுமென்றால், மலையேறும் உரிமை முதலில் நம் கையில் இருக்க வேண்டும்.

அந்தப் பாதைகளில் இன்னொரு நடைமுறையும் உண்டு. வழியில் சேறு வந்தால் ஓரத்துச் செடியை மிதிக்காதே. சேற்றின் நடுவிலேயே கால்வைத்துப் போ, முடியாவிட்டால் திரும்பிவிடு. காலில் அழுக்குப் படாமல் நடக்கச் சொல்லியே வளர்க்கப்பட்ட நாம் கற்றுக்கொள்ளத் தகுந்த நடை அது.