கட்டுச்சோறும் தவக்குலும்

ஹஜ் பயணம் ஒருவர்மீது கடமையாவதற்கு அவரிடம் இருக்க வேண்டிய ஆற்றலை இஸ்லாமியச் சட்டநூல்கள் 'இஸ்திதாஅத்' என்று குறிக்கின்றன. உடல்நலமும் வழிப்பாதுகாப்பும் அதில் அடங்கும். அவற்றோடு, கடன்களைக் கழித்த பின் மிஞ்சும் பொருள் போய்வரும் செலவுக்கும், பயணி திரும்பும்வரை வீட்டில் இருப்போரின் உணவு உடைக்கும் போதுமானதாக இருக்க வேண்டும் என்பதும் சேரும். எல்லாவற்றையும் இறைவனிடம் ஒப்படைத்துவிடும் மனநிலையான 'தவக்குல்' இறைநம்பிக்கையின் உயர்ந்த படிகளில் ஒன்றாகப் போற்றப்படும்போது, இறைவனின் இல்லத்தை நோக்கிச் செல்பவர் மட்டும் ஏன் இவ்வளவு கணக்குப் பார்க்க வேண்டும் என்ற கேள்வி பழமையானது.

இக்கேள்வி பாலக்காடு, இடுக்கி எல்லைப்பகுதிகளின் ராவுத்தர் குடும்பங்களுக்கு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. புதுநகரம், குமுளி, வண்டிப்பெரியாறு போன்ற ஊர்களில் வாழும் தமிழ் வேர்கொண்ட இம்மக்கள், மலைக்கு இப்புறமுள்ள கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் உறவுகளைக் கொண்டவர்கள். பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபை, அதாவது இமாம் அபூஹனீஃபாவின் சட்டநெறியைப் பின்பற்றுபவர்கள். ஏலக்காய் வணிகத்திலும் சில்லறைக் கடையிலும் பற்று வரவு ஆண்டுக்கணக்கில் நீளும் ஊர்களில், 'கடனைக் கழித்த பின்' என்ற ஒரு நிபந்தனையே பலருடைய பயணத்தைத் தள்ளிவைக்கப் போதுமானது.

யமன் நாட்டிலிருந்து சிலர், தாங்கள் இறைவனையே சார்ந்திருப்பவர்கள் என்று கூறிக் கட்டுச்சோறு எதுவுமின்றி ஹஜ்ஜுக்கு வந்து, மக்காவை அடைந்ததும் மக்களிடம் கையேந்தினர் என்றும், வழியுணவை எடுத்துச் செல்லுமாறு பணிக்கும் குர்ஆன் வசனம் அதையொட்டியே அருளப்பட்டது என்றும் புகாரியின் நபிமொழித் தொகுப்பு கூறுகிறது. அதே போக்கில், உணவின்றி மக்காவுக்குப் புறப்பட விரும்பிய ஒருவரிடம் இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல், அப்படியானால் பயணக்கூட்டத்தோடு சேராமல் தனியே செல்லும்படி கூறியதாகவும், அவர் அதற்கு இணங்காதபோது, அவருடைய நம்பிக்கை பிறருடைய சோற்றுமூட்டையின் மீதுதான் என்று சுட்டிக்காட்டியதாகவும் அறிஞர் இப்னுல் ஜவ்ஸி எழுதியிருக்கிறார். ஆயத்தமின்மை எப்போதும் எவரேனும் ஒருவரின் தலையில் சுமையாக இறங்குகிறது என்பதை இவ்விரு செய்திகளும் காட்டுகின்றன. 1938இல் சவூதி அரேபியாவில் எண்ணெய் கண்டறியப்படும் வரை அந்நிலம் வறியது. மக்காவும் மதீனாவும் பல நூற்றாண்டுகள் எகிப்திலிருந்து வந்த தானியத்தை நம்பியிருந்தவை. அத்தகைய நிலத்திற்கு வெறுங்கையோடு சென்று இறங்கியவர், தமக்கு இல்லாததை, தம்மைவிட இல்லாதவரிடம் கேட்டவரானார்.

புறப்படும் ஊரிலும் இதே நீதி செயல்படுகிறது. இமாம் கஸ்ஸாலி (1058–1111) தமது 'இஹ்யா' நூலின் ஹஜ் பற்றிய பகுதியில், பயணத்துக்கு முன் பாவமன்னிப்புக் கோருதல், அநீதியாக எடுத்தவற்றைத் திருப்பித் தருதல், கடன் தீர்த்தல், குடும்பத்தின் வாழ்க்கைச் செலவை ஒதுக்கிவைத்தல் ஆகியவற்றை வரிசைப்படுத்துகிறார். மனிதர்க்கு மனிதர் செலுத்த வேண்டிய உரிமையான 'ஹக்குல் இபாத்', செலுத்தப்பட்டாலோ உரியவர் விட்டுக்கொடுத்தாலோ அன்றித் தீராது என்பதனால்தான், ஹஜ்ஜுக்குச் செல்பவர்கள் உற்றார் உறவினரையும் அண்டை வீட்டாரையும் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்கின்றனர். மூளைக்காய்ச்சல் தடுப்பூசியையும் கடவுச்சீட்டையும் ஓர் அலுவலகம் சரிபார்த்துவிடும். பேச்சற்றுப்போன சகோதரரின் வாசலில் நிற்பதற்கு அத்தகைய அலுவலகம் ஏதும் கிடையாது. இந்தப் பகுதியே ஆயத்தத்தின் உயிர்நிலை என்பதால், வழியனுப்பு விருந்துக்குக் கடன் வாங்கும் வழக்கம் எங்கு தலைகாட்டினாலும் அது வருந்தத்தக்கது.

கடமையை உண்டாக்கும் நிபந்தனையை ஒருவர் தாமே தேடிச் சம்பாதிக்க வேண்டியதில்லை என்பது சட்ட அறிஞர்களின் கொள்கை. கட்டாயக் கொடையான ஜகாத்தைக் கொடுப்பதற்காக எவரும் செல்வராக வேண்டியதில்லை. அவ்வாறே, ஹஜ் செய்வதற்காகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளி கடனாளியாக வேண்டியதுமில்லை. போகாத ஏழையிடம் எந்தக் குறையும் இல்லை என்ற இத்தீர்ப்பில் உள்ள பரிவு போதிய அளவு எடுத்துச் சொல்லப்படுவதில்லை.

வழிப்பாதுகாப்பின் வரலாறும் இதனோடு சேர்ந்தது. பாலக்காட்டைக் கடந்தோடும் பாரதப்புழை கடலில் சேரும் பொன்னானியில் வாழ்ந்த ஸைனுத்தீன் மக்தூம், 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் ஹஜ் பயணத்தைத் தடுத்ததைத் தமது 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' நூலில் முறையிட்டார். அக்பர் காலத்திலோ, போர்ச்சுக்கீசியரின் கடல் அனுமதிச்சீட்டின்றிச் செல்ல முடியாத நிலையில் ஹஜ் கடமையாகாது என்று தீர்ப்பளித்தவர்களும் இருந்தனர். 2020இல் பெருந்தொற்றினால் இந்தியாவிலிருந்து எவரும் செல்ல இயலாதபோது, கட்டிய பணம் திரும்பக் கிடைத்தது. அப்பயணத்துக்காக அடைக்கப்பட்ட கடன்களோ அடைக்கப்பட்டவையாகவே இருந்தன.

கடமையாகியும் செல்லாமல் இறந்தவரின் நிலையில் மத்ஹபுகள் பிரிகின்றன. பாலக்காட்டின் மேற்குப் பகுதியில் வாழும் மாப்பிளமார் பின்பற்றும் ஷாஃபிஈ நெறியில், அந்த ஹஜ் இறந்தவரின் கடனாகக் கருதப்பட்டு, சொத்தைப் பங்கிடும் முன்பே அதற்குரிய செலவு எடுக்கப்படுகிறது. ஹனஃபி நெறியிலோ, அவர் 'வஸிய்யத்' எனும் இறுதி விருப்பத்தில் சொல்லியிருந்தால் மட்டுமே, சொத்தின் மூன்றில் ஒரு பங்குக்குள் 'பதல் ஹஜ்' எனும் பதிலாள் பயணம் வாரிசுகள்மீது கட்டாயமாகிறது. அந்தப் பங்கு இடங்கொடுக்குமானால், பதிலாள் மக்காவுக்கு அருகிலிருந்து புறப்படக் கூடாது. இறந்தவர் வாழ்ந்த ஊரிலிருந்தே, அவர் நடந்திருக்க வேண்டிய முழு வழியையும் கடந்து செல்ல வேண்டும்.