மலைக்கு நாம் பட்ட கடன்

ஆனி பிறந்து சாரல் வீசத் தொடங்கினால், தென்காசியில் நின்று மேற்கே நோக்குவோர் குற்றாலமலையை மேகங்களினூடேதான் காண்பர். அம்மலையில் பிறக்கும் சிற்றாறு நம் வயல்களை நனைத்து, சீவலப்பேரியருகே தாமிரபரணியோடு கலக்கிறது. கேளாமலே தரும் இம்மலைக்கு நாம் தருவது யாது?

இவ்வினா, இதே மேற்குத் தொடர்ச்சி மலையில் வடக்கே கர்நாடகத்தில் நிற்கும் குதிரேமுக் மலையை நினைவூட்டுகிறது. குதிரையின் முகம்போல் தோன்றுவதால் அதற்கு அப்பெயர். ஏறத்தாழ 1,890 மீட்டர் உயரமான அச்சிகரத்திற்குப் புல்வெளிகளையும் சோலைகளையும் கடந்து இன்று இளைஞர் நடந்து ஏறுகின்றனர். அம்மலைத்தொடரில்தான் 1976-இல் நிறுவப்பட்ட பொதுத்துறை நிறுவனம் ஒன்று இரும்புத்தாதை வெட்டியெடுத்தது. அரைத்த தாது குழாய் வழியே மங்களூர் சென்றது. எஞ்சிய கழிவுச் சேறு லக்யா அணைக்குப் பின்னே தேங்கியது. 2002-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, 2005-ஆம் ஆண்டின் இறுதியில் சுரங்கப் பணி நின்றது.

பணி நின்றதால் கணக்குத் தீர்ந்ததா? வெட்டுண்ட மலை மீண்டும் வளரவில்லை. சுரங்கத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களும் ஊரை விட்டுப் பெயர்ந்தன.

ஒப்புரவு அருட்சாதனத்தில் மனம் வருந்துவதும் அறிக்கையிடுவதும் மட்டும் போதா. பரிகாரமும் வேண்டும் எனக் கற்றிருக்கிறோம். சக்கேயு ஏமாற்றிப் பெறுவதை நிறுத்தியதோடு அமையவில்லை. நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தார். ஆனால் மலையை யாரால் திருப்பித் தர இயலும்? திருப்பித் தர இயலாத ஒன்றை எடுக்குமுன்னரே மனச்சான்றைக் கேட்டாக வேண்டும். எடுத்தபின் கேட்பதில் பயன் குறைவு.

பிறரைக் குறைகூறல் எளிது. நம் வட்டாரத்தில் உடைபடும் கல்லும் எம்-சாண்டும் புளியரை வழியே கேரளம் செல்வதைக் கண்டு வருந்துகிறோம். ஆயினும் நம் வீட்டின் அடித்தளமும், நாம் பெருமையோடு எழுப்பும் ஆலயக் கோபுரமும் ஏதோ ஒரு குன்றிலிருந்து வந்தவையன்றோ? கல்லே வேண்டாம் என்று சொல்ல நம்மால் ஆகாது. கல்லுடைத்துப் பிழைப்போர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். தேவைக்கு மேல் வேண்டாம் என்று சொல்ல நம்மால் ஆகும். தேவை எது, ஆடம்பரம் எது என அளக்கும் கோலை அரசிடம் மட்டும் தேடுகிறோம். அது நம் கையிலும் உண்டு.

அடுத்த சாரலில் அருவியின்கீழ்த் தலை நனைத்து நிற்கும்போது, நாம் கட்ட எண்ணியிருக்கும் அந்த இரண்டாம் மாடி உண்மையில் வேண்டுமா என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போம்.