பழைய மரமும் புதிய பொருளும்

மட்டக்களப்பிலிருந்து ஏறாவூர் நோக்கிச் செல்லும் வீதியில் வாவியை ஒட்டி அமைந்த தன்னாமுனை, தச்சரான புனித வளனாரின் பெயர் தாங்கிய ஆலயத்தைக் கொண்ட கத்தோலிக்க ஊராதலால், பழைய மரத்தைப் பிரித்து வீட்டுக்குப் புதிய தளபாடம் செய்வது அங்கே சிக்கனம் பற்றிய பேச்சாக மட்டும் நின்றுவிடத் தேவையில்லை. 1978 நவம்பர் 23 இன் சூறாவளியும் 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலையும் கண்ட மாவட்டத்தில், கூரையும் சுவரும் போன பின்பும் எஞ்சக்கூடியவை முதிரை, பாலை முதலிய வைர மரங்களாலான நிலைகளும் கதவுகளுமே. அத்தகைய கதவொன்று மேசையாகும்போது அது பழைய பொருளின் தொடர்ச்சியா, அன்றிப் புதிய பொருளா என்பதே இங்கு எழும் வினா.

காரியம் தோன்றுமுன்னரே காரணத்துள் நுண்ணிலையில் உள்ளது என்னும் சற்காரியவாதத்தைக் கொள்ளும் சைவசித்தாந்தம், மேசை மரத்துள் முன்பே அடங்கியிருந்தது என்றே கூறும். உறுப்புகள் கூடும்போது, முன்பு இல்லாத முழுமையொன்று, அதாவது அவயவி, பிறக்கிறது என்பர் நியாய வைசேடிகர். சைவசித்தாந்த ஆசிரியர் மெய்கண்டாரைப் போலவே 13 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கத்தோலிக்க இறையியலாளர் தோமா அக்குவினாஸோ, கைவினைஞன் தருவது புறத்திலிருந்து வந்து சேரும் வடிவம் மட்டுமே, மரத்தின் இயல்பு மாறுவதில்லை என்று கருதியவர்.

இம்மூன்று விடைகளும் தச்சரின் பட்டறையில் கிடக்கும் பலகையை முழுமையாக விளக்கிவிடுவதில்லை. சீவுளி ஓட ஓட மேற்பரப்பின் அழுக்கு நீங்கி முதிரையின் மஞ்சள் வெளிப்படினும், பிணைச்சல் பதிந்திருந்த குழியும், இரும்பும் ஈரமும் கூடி ஆணித்துளையைச் சுற்றிப் படர்ந்த கருமையும் உள்ளே நின்றுவிடுகின்றன. அவை மரத்தின் இயல்பைச் சேர்ந்தவையும் அல்ல, மேசையின் வடிவைச் சேர்ந்தவையும் அல்ல, அப்பலகை ஒரு வீட்டாருக்கென ஒப்படைக்கப்பட்டுப் பயன்பட்டதன் தடங்கள். ஆகவே ஒரு பொருளின் தொடர்ச்சியை மரத்திலோ வடிவிலோ தேடுவதைவிட, அது எதற்காக ஒப்படைக்கப்பட்டது என்பதில் தேடுவதே பொருத்தமானது.

மந்திரிக்கப்பட்ட, அதாவது குருவானவரால் ஆசீர்வதிக்கப்பட்டு வழிபாட்டுக்கென ஒதுக்கப்பட்ட பொருளில் இது தெளிவாகிறது. 1983 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு (சட்டம் 1171), அத்தகைய பொருள்கள் தனியார் கைவசம் இருந்தாலும் அவற்றை மதிப்புடன் பேண வேண்டும், உலகியல் பயனுக்கோ தகாத பயனுக்கோ எடுக்கலாகாது என்கிறது. பூரி ஜகந்நாதர் கோயிலிலும் நவகளேபரம் என்னும் புதுத் திருமேனிச் சடங்கின்போது, 2015 இல் நிகழ்ந்தது போல, ஜகந்நாதரின் பழைய மரத்திருமேனி புதைக்கப்படுகிறதேயன்றி வேறு பொருளாக்கப்படுவதில்லை. இரு மரபுகளும் ஒப்படைப்பையே மரத்தினும் பெரிதாக மதிக்கின்றன.

வீட்டுக் கதவுக்கு இத்தடை இல்லை. அது மேசையாகவோ, அலுமாரியாகவோ, சுரூபம் வைக்கும் கூடாகவோ ஆவது முறையே. ஆனால் ஆலயத்திலிருந்து கழிக்கப்பட்ட வாங்கோ பீடப் பலகையோ கைக்கு வருமாயின், அது மந்திரிக்கப்பட்டதா என்று பங்குத்தந்தையிடம் கேட்டறிந்த பின்னரே அதன்மீது சீவுளி வைக்க வேண்டும்.